பக்கத்திலிருந்து பார்த்தாலும் வண்டி தெரிய வேண்டும்: ஹோண்டா யூனிகார்ன் பைக்கில் எல்இடி ஸ்ட்ரிப் மாட்டிய வேலை

ராத்திரியில் பைக்கை முன்னாலிருந்து பார்த்தால் ஹெட்லைட் தெரியும். பின்னாலிருந்து பார்த்தால் சிவப்பு விளக்கு தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கருப்பு டேங்க், கருப்பு சீட், கருப்பு இன்ஜின். ஓட்டுகிறவரும் கருப்பு ஜெர்கின் போட்டிருந்தால் அவ்வளவுதான்.

கடலூரிலிருந்து பாண்டி போகும் சாலையில் எனக்குப் பயம் தருவது பக்கத்துச் சாலைகள்தான். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று வரிசையாக ஊர்ச் சாலைகள் வந்து நெடுஞ்சாலையில் சேர்கின்றன. கரும்பு சீசனில் பாகூர் பக்கமிருந்து வரும் டிராக்டர் மெதுவாக மூக்கை நீட்டும். அதை ஓட்டுகிறவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் நம் வண்டி ஒற்றை வெளிச்சப் புள்ளியாகத்தான் தெரியும். காருக்கு இரண்டு ஹெட்லைட். கிட்டே வர வர இரண்டுக்கும் நடுவே இடைவெளி விரிகிறது, வேகம் கண்ணுக்குப் பிடிபடுகிறது. ஒற்றைப் புள்ளியில் அது பிடிபடாது. தூரத்தில் இருக்கிறது, போய்விடலாம் என்று டிராக்டர் சாலையில் ஏறிவிடும்.

அக்கா மகனுக்குப் பாண்டி பக்கம் சேதராப்பட்டில் வேலை. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்து சேர நள்ளிரவு ஆகிவிடும். வண்டியில் லைட் போட வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அழகு முக்கியம். அவன் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் என்பது என் கவலை. எல்இடி ஸ்ட்ரிப், அதாவது சின்ன எல்இடி பல்புகள் வரிசையாகப் பதித்த பட்டை, ஒட்டினால் இரண்டையும் ஒரே வேலையில் முடிக்கலாம் என்று தோன்றியதால்தான் ஒத்துக்கொண்டேன்.

"மாமா, ஆர்ஜிபி போடலாம் மாமா. போன்லயே கலர் மாத்தலாம்."

"எந்தக் கலர்டா வேணும் உனக்கு?"

"நீலம் மாமா. விட்டு விட்டு எரியற மாதிரி வெச்சா செமயா இருக்கும்."

நீலமும் வேண்டாம், விட்டு விட்டு எரிவதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மின்னும் நீலத்தைப் பார்த்தால் ஆம்புலன்ஸோ போலீஸோ என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள். அதோடு, இன்டிகேட்டர் மின்னுவதும் ஸ்ட்ரிப் மின்னுவதும் ஒன்றாகக் கலந்துவிட்டால் வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று யாருக்கும் புரியாது.

சட்டத்தையும் அவனுக்குச் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108ஆம் விதி இன்னும் நேரடியானது: முன்பக்கம் சிவப்பு ஒளி காட்டக் கூடாது, பின்பக்கம் சிவப்பு தவிர வேறு ஒளி காட்டக் கூடாது. நம்பர் பிளேட் விளக்கு, இன்டிகேட்டர் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் எல்லையான முள்ளோடை பார்டரைத் தாண்டிவிட்டால் பெட்ரோல் விலை மாறலாம், இந்தச் சட்டம் மாறாது. கூடுதல் விளக்கு போடுகிற எவரும் இதைத் தெரிந்துகொண்டே போட வேண்டும். அதனால் முதலிலேயே சில விஷயங்களை முடிவு செய்துகொண்டோம். கம்பெனி வயரிங்கில் ஒரு வயரைக்கூட வெட்டுவதில்லை. அணைக்கத் தனி சுவிட்ச் இருக்க வேண்டும். கேட்டால் அரை மணி நேரத்தில் மொத்தத்தையும் கழற்றி வண்டியைப் பழையபடி ஆக்க முடிய வேண்டும்.

நிறம் ஆம்பர், அதாவது இன்டிகேட்டரின் ஆரஞ்சு மஞ்சள். பெரிய வண்டிகளின் பக்கவாட்டில் எரியும் விளக்கும் இந்த நிறம்தான், அதனால் பார்க்கிறவர் கண்ணுக்கு ஏற்கெனவே பழகிய நிறம்.

எதையும் ஒட்டும் முன்னால் ஒரு துண்டு ஸ்ட்ரிப்பைப் பழைய பேட்டரியில் கொடுத்து, செல்லோ டேப்பால் வண்டியில் அங்கங்கே தற்காலிகமாக ஒட்டி, இருட்டில் தள்ளி நின்று பார்த்தோம். இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஸ்ட்ரிப்பை வெளிப்பக்கம் பார்க்க ஒட்டினால் கோயில் திருவிழா சீரியல் செட் போலப் புள்ளி புள்ளியாகக் கண்ணைக் குத்துகிறது. புள்ளிகள் தெரிகின்றன, வண்டி தெரியவில்லை. அதே துண்டை டேங்கின் கீழ் விளிம்பில் உள்பக்கமாகத் திருப்பி இன்ஜினைப் பார்க்க வைத்ததும் நிலைமையே மாறிவிட்டது. யூனிகார்ன் காற்றில் குளிரும் இன்ஜின், சிலிண்டரைச் சுற்றி வரிசையாகத் தகடுகள். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் ஒரு மெல்லிய பொன்கோடு, இரண்டு தகட்டுக்கு நடுவே இருட்டு. கீழே கியர் பெட்டியின் வளைவு, ஃபுட்ரெஸ்ட், அதில் வைத்திருக்கும் ஷூ எல்லாம் வெளிச்சத்தில் வந்தன. தூரத்திலிருந்து பார்த்தாலும் இது பைக், இதில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று புரிகிறது. பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மாமா, நீலம் வேணாம்" என்றான்.

அங்கேயே எங்கள் விதி தெளிவாகிவிட்டது: பல்ப் யார் கண்ணிலும் படக் கூடாது, அதன் வெளிச்சம் படும் இரும்பும் சக்கரமும் தரையும்தான் தெரிய வேண்டும். அழகுக்கும் இதுதான் சரி, பாதுகாப்புக்கும் இதுதான் சரி. ஓட்டுகிறவர் கண்ணில் பல்ப் பட்டால் அவருக்கு இருட்டில் சாலை தெரியாமல் போகும். எதிரே வருகிறவர் கண்ணில் பட்டால் நம் ஹெட்லைட்டையும் இன்டிகேட்டரையும் அது மறைத்துவிடும்.

டேங்குக்குக் கீழே இரண்டு பக்கமும் 30 சென்டிமீட்டர், சைடு கவருக்குக் கீழே பின்சக்கரத்தைப் பார்த்தபடி இரண்டு பக்கமும் 25 சென்டிமீட்டர் என்று அளவு வைத்தோம். மொத்தம் 1.1 மீட்டர். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடிக்கு ஒரு முறை, அதாவது 5 சென்டிமீட்டருக்கு ஒரு இடத்தில், வெட்டும் கோடு இருக்கும். அங்கே மட்டும்தான் வெட்ட வேண்டும். நாங்கள் எடுத்த 2835 வகை ஸ்ட்ரிப் (எல்இடியின் அளவைக் குறிக்கும் எண் அது) மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கும், ஆக எங்கள் நான்கு துண்டும் சேர்ந்து ஐந்து வாட் சொச்சம். பழைய டெயில் லைட் பல்ப் ஒன்று எரிய ஆகும் அளவுதான். 5050 வகையை எடுத்தால் மீட்டருக்கு 14 வாட்டுக்கு மேல் போகும். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை, அந்த வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும்.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் ஸ்ட்ரிப் என்று கடையில் கொடுப்பார்கள். ஆனால் வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட்டுக்கு மேல் வரும். ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடி வரிசையாக நின்று, மிச்ச வோல்ட்டேஜை ஒரு ரெசிஸ்டர் தாங்குகிறது. வெள்ளை எல்இடி ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ட், மூன்றுக்கு 9. 12 வோல்ட் கொடுத்தால் ரெசிஸ்டருக்கு 3 வோல்ட், 14.4 கொடுத்தால் 5.4. ரெசிஸ்டரில் வோல்ட்டேஜ் எவ்வளவு மடங்கு ஏறுகிறதோ கரண்டும் அவ்வளவு மடங்கு ஏறும், அதாவது 1.8 மடங்கு. ஆம்பர் எல்இடிக்கு ஒன்றுக்கு 2 வோல்ட் என்பதால் இந்த ஏற்றம் 1.4 மடங்கோடு நிற்கும். அதுவும் குறைவில்லை. வாங்கிய புதிதில் பளிச்சென்று எரிந்து, சில மாதத்தில் மூன்று மூன்றாக அணைந்து போகும் ஸ்ட்ரிப்புகளில் நிறைய இந்தச் சூட்டில்தான் போகின்றன.

ஆகவே நடுவில், வோல்ட்டேஜைக் குறைத்து ஒரே அளவில் கொடுக்கும் ஒரு எல்எம்2596 கன்வெர்ட்டர் பலகை போட்டோம். தீப்பெட்டி அளவுகூட இருக்காது, விலையும் குறைவு. அதில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி, மல்டிமீட்டரில் பார்த்து வெளியே 11 வோல்ட் வரும்படி வைத்தேன். இந்தப் பலகை சரியாக வேலை செய்ய, உள்ளே வரும் வோல்ட்டேஜ் வெளியே போவதைவிட ஒன்றரை வோல்ட்டாவது கூட இருக்க வேண்டும். 12 என்று வைத்தால் சிக்னலில் வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது, இன்டிகேட்டர் துடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரிப்பும் மங்கி மங்கி எரியும். 11 வைத்தால் அசையாது. வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது, ஆனால் இருட்டில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதிர்வில் திருகு நகராமல் இருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். அக்காவிடம் வாங்கியது.

வயரிங் இப்படி. பேட்டரி பாசிட்டிவிலிருந்து முதலில் 2 ஆம்பியர் ஃப்யூஸ், அதுவும் பேட்டரியை ஒட்டியே. ஃப்யூஸைத் தள்ளி வைத்தால் அதற்கு முன்னால் உள்ள வயர் எங்காவது உரசி பாடியில் பட்டாலும் காப்பாற்ற ஒன்றும் இருக்காது. ஃப்யூஸிலிருந்து ரிலேயின் 30ஆம் காலுக்கு. ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச், அதன் கால்களில் எண் போட்டிருக்கும். 87ஆம் காலிலிருந்து கன்வெர்ட்டருக்கு, அங்கிருந்து நான்கு ஸ்ட்ரிப்புக்கும். கன்வெர்ட்டரை ரிலேக்குப் பின்னால் வைப்பது முக்கியம். நேராகப் பேட்டரியில் கொடுத்தால் விளக்கு எரியாதபோதும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். வண்டி ஒரு மாதம் நின்றால் பேட்டரி படுத்துவிடும்.

ரிலேயை எழுப்ப டெயில் லைட் வயர். இங்கே நிறத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஹோண்டாவில் பச்சைதான் எர்த். கருப்பு வயர், சாவி போட்டதும் 12 வோல்ட் வரும் லைன். கருப்பு என்றால் நெகட்டிவ் என்று நினைத்துப் பாடியில் பிடித்தால் ஃப்யூஸ் போகும். பழுப்பு டெயில் லைட், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது பிரேக் லைட், ஆரஞ்சு இடது இன்டிகேட்டர், வெளிர் நீலம் வலது. இதெல்லாம் தெரிந்திருந்தாலும் ஒவ்வொன்றையும் மீட்டரில் பார்த்த பிறகே தொட்டோம், ஏற்கெனவே யாராவது வயர் மாற்றியிருக்கலாம் என்பதால். டெயில் லைட் வயரை வெட்டாமல், புல்லட் கனெக்டர் சேரும் இடத்தில் இரண்டாகப் பிரியும் ஒரு சின்ன வயர் செய்து நடுவில் சொருகினோம். அது ஹேண்டில்பாரில் வைத்த சுவிட்ச் வழியாக ரிலேயின் 86ஆம் காலுக்குப் போகிறது, 85 எர்த்துக்கு. ரிலே சுருளில் ஓடுவது 150 மில்லி ஆம்பியர் அளவுதான், ஹேண்டில் வரை மெல்லிய வயர் போதும். ஹேண்டில் முழுக்கத் திரும்பும் அளவுக்கு அந்த இடத்தில் வயரைத் தளர்வாக விட்டு, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தோம். சுருளின் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம். ரிலே அணையும்போது எகிறும் வோல்ட்டேஜை அது விழுங்கிவிடும்.

வண்டி 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது. அதனால் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் எரியும், ஸ்ட்ரிப்பும் கூடவே எழும். பகலில் வேண்டாம் என்றால் சுவிட்சை அணைத்துக்கொள்ளலாம்.

இனி உப்புக் காற்று. கடலூர், பாண்டிக்காரர்கள் இதை விட்டுவிட்டு எந்த வயரிங்கும் செய்ய முடியாது. பையனின் நண்பன் ஒருவன் ஒரு கடையில் இதேபோல் விளக்கு போட்டிருந்தான், ஒரு மழைக்காலம் தாண்டியதும் எரியவில்லை என்று கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தேன். முறுக்கிச் சேர்த்த ஜாயின்ட்டின் மேல் இன்சுலேஷன் டேப், சூட்டில் பசை உருகி வழிந்திருந்தது. டேப்பை உரித்தால் உள்ளே தாமிரம் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. விரலால் தேய்த்ததும் மெல்லிய இழைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. வயரை இன்னும் இரண்டு அங்குலம் உள்ளே சீவினேன், அங்கேயும் கருப்பு. தண்ணீர் வயரின் உறைக்குள்ளேயே ஊர்ந்து போயிருந்தது.

எங்கள் வண்டியில் ஸ்ட்ரிப்பின் முனைகளில் மட்டும் சோல்டர், மற்ற எல்லா இடத்திலும் கிரிம்ப் செய்து (சின்ன உலோகக் குழாய்க்குள் வயரை வைத்து அழுத்தி), மேலே உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சூடு காட்டினால் அந்தப் பசை உருகி ஓரத்தில் லேசாக வெளியே எட்டிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் முழுக்க அடைத்திருக்கிறது என்று அர்த்தம். சோல்டர் வைத்த இடத்தை ஒட்டி வயர் விறைத்துவிடும், அதிர்வில் சரியாக அங்கேதான் ஒடியும். அதனால் ஒவ்வொரு சோல்டருக்கும் பக்கத்தில் வயரை ஒரு டேக் (பிளாஸ்டிக் கேபிள் டை) போட்டு இறுக்கினோம். கனெக்டர் முனைகளில் கொஞ்சம் வாசலின்.

முனைகளை அடைக்கும் சிலிகானைப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரணமாகக் கிடைப்பது பிதுக்கியதும் வினிகர் வாசனை அடிக்கும். அந்த வாசனை அசிட்டிக் அமிலம், தாமிரத்தை அரித்துவிடும். நியூட்ரல் க்யூர் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்கினோம், அதில் அந்த வாசனை வராது.

ஸ்ட்ரிப்பை நேராக வண்டியில் ஒட்டவில்லை. ஃபால்ஸ் சீலிங் வேலை செய்கிறவர்கள் பயன்படுத்தும் அலுமினிய ப்ரொஃபைல், மேலே பால் நிற மூடி உள்ளது, லாரன்ஸ் சாலைப் பக்கம் கிடைத்தது. ஹேக்ஸா பிளேடால் அறுத்து ஓரத்தை அரத்தால் ராவினோம். அலுமினியம் எல்இடியின் சூட்டை இழுத்துக்கொள்ளும், பால் மூடி புள்ளிகளை ஒரே கோடாக்கிவிடும். முனைகளை சிலிகானால் அடைத்தாலும், தாழ்வான முனையில் ஊசி அளவு ஓட்டை ஒன்று விட்டேன். எப்படி அடைத்தாலும் ஈரம் உள்ளே வரும், அது வெளியேற வழி இருப்பதே நல்லது.

ஒட்டியது 3எம் விஹெச்பி என்ற இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால். ஒட்டும் இடத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வைத்து, துணியில் அழுக்கு வராதவரை துடைத்தோம். இந்த டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும். "நாளைக்கே ஓட்டணும் மாமா" என்றான். பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டேன். டேப்பை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் இரண்டு டேக் கட்டியிருக்கிறோம். ஓடும்போது ஒன்று கழன்று சங்கிலியில் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் இந்த இரண்டு டேக்கின் அருமை தெரியும். ரிலேயும் கன்வெர்ட்டரும் சீட்டுக்கு அடியில், முடிந்தவரை உயரத்தில், ரிலேயின் கால்கள் கீழே பார்க்க.

ரிஃப்ளெக்டிவ் டேப்பைச் சொல்லாமல் விட முடியாது. உண்மையில் கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். லாரிகளில் ஒட்டும் அதே வகை: பக்கத்துக்கு மஞ்சள், பின்னால் சிவப்பு. இடது பக்கம் சேலை கார்டின் மேல் ஒரு பட்டை, சைடு கவரில் ஒன்று, பின் மட்கார்டில் சிவப்பு, இரண்டு ரிம்மிலும் சின்னச் சின்னத் துண்டுகள். சக்கரம் சுற்றும்போது ரிம் துண்டுகள் ஒரு வட்டமாகவே தெரிகின்றன. பேட்டரி வேண்டாம், ஃப்யூஸ் வேண்டாம், யாரும் கேள்வியும் கேட்கப் போவதில்லை. அதன் குறை ஒன்றுதான்: அடுத்தவர் விளக்கு அதன் மேல் பட்டால்தான் மின்னும். பக்கத்துச் சாலையிலிருந்து ஏறும் டிராக்டரின் விளக்கு எதிர்ப்பக்க வயலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாம் அந்த வெளிச்சத்துக்குள் நுழையும்வரை டேப் இருட்டுதான். நுழைந்த பிறகு பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. ஸ்ட்ரிப் வேலை செய்ய வேண்டிய இடம் சரியாக இதுதான்.

முடிந்ததும் தேவனாம்பட்டினம் சாலையில் கூட்டம் அடங்கிய பிறகு பார்த்தோம். அவன் ஓட்ட, நான் சாலையை விட்டுத் தள்ளி நின்றேன். ஸ்ட்ரிப் இல்லாமல் வந்தபோது சாலையில் ஒரு வெளிச்சத் திட்டு நகர்ந்தது, அதன் பின்னால் ஒரு கரும் இடைவெளி, அப்புறம் ஒரு சிவப்புப் புள்ளி. நடுவில் வண்டி இருப்பதை நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரிப்போடு வந்தபோது இன்ஜின், கால், பின்சக்கரம் எல்லாம் ஒன்றாக நகர்ந்தன, தரையில் வண்டியோடு ஒரு மஞ்சள் வெளிச்சமும் ஓடியது. முன்னாலிருந்து பார்த்தேன், பல்ப் தெரியவில்லை. பின்னாலிருந்து பார்த்தபோது மட்டும் சைடு கவர் ஸ்ட்ரிப்பின் ஒளி டயரில் பட்டு ஆம்பராகத் தெரிந்தது. பின்னால் சிவப்பு மட்டும்தான் தெரிய வேண்டும். ஆகவே அந்த இரண்டு துண்டையும் முன்பக்கம் நகர்த்தி, பின் முனையில் கருப்பு ரப்பர் தகட்டால் மறைப்பு வைத்தோம். அதன் பிறகு இரண்டு இன்டிகேட்டரும் பிரேக் லைட்டும் தனித்தனியாகத் தெளிவாகத் தெரிகின்றனவா என்று திரும்பப் பார்த்தோம். ஹெல்மெட் வைசரில் எதுவும் பிரதிபலிக்கிறதா என்று அவனைக் கேட்டேன், இல்லை என்றான். இதையெல்லாம் கண்ணால்தான் பார்க்க வேண்டும். போன் கேமரா இருட்டில் வெளிச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டும்.

இப்போது அவன் கூட வேலை செய்யும் பையன் ஒருவன் பழைய ஸ்ப்ளெண்டருக்கு இதே வேலை கேட்கிறான். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதில்லை, காயிலிலிருந்து நேராக வரும் ஏசியில் எரியும். ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் வெளிச்சம் கூடுவது அதனால்தான். அந்த லைனில் கை வைக்கவே கூடாது. பேட்டரியும் அதில் சின்னது, எத்தனை வருடம் ஆயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து பேட்டரி முனையில் 14 வோல்ட் ஏறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று மிச்சமிருந்த மஞ்சள் டேப்பை வெட்டிக் கொடுத்தனுப்பினேன்.